தெரு எலியெல்லாம் என் மில் கணக்கில்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் முழங்கால் வலி தணிந்திருக்கும், அத்தானின் இருமல் அடங்கியிருக்கும், பேரப்பிள்ளைகள் உன்னை அதிகம் படுத்தாமல் இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், என் வீட்டுக்காரி, மாவு மில் மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மில் நலமாக இல்லை. மற்ற இருவரும் மில்லை நம்பியே இருப்பதால் எங்கள் நலத்தையும் நீ பாதியாகவே எடுத்துக்கொள்.

எல்லாம் உன் செல்ல மருமகளின் கைங்கரியம். என் மகள் விலங்கு நோய் ஆராய்ச்சியில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் எவ்வளவு அலட்டிக்கொண்டேன், உனக்கே தெரியும். மாடு பார்ப்பாள், குதிரை பார்ப்பாள் என்றுதான் நினைத்தேன். எலி என்று யார் கண்டது? அதுகூட முழு எலி இல்லையாம் அக்கா, எலியின் வயிற்றுக்குள் இருக்கிற புழுவாம். மனிதர் புழங்கும் இடத்தில் வாழ்கிற எலி, சுண்டெலிகளின் குடலில் எந்தெந்தப் புழு குடித்தனம் நடத்துகிறது, அது நம் வயிற்றுக்கும் வருமா என்று பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். அதற்கு உலகத்தில் வேறு தெருவே இல்லாததுபோல் நம் தெருவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். பெட்டி கனக்கிறதே, நமக்குத் துணிமணி போலிருக்கிறது என்று அவள் அம்மா ஆசையாகத் திறந்தாள். உள்ளே அடுக்கடுக்காக எலிக்கூண்டு.

மறுநாள் காலையிலேயே வீடு வீடாகப் போய், "உங்க வீட்ல எலி இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்பார்களா? மருந்துக்கடைக்காரர், "எங்க வீட்லயா? என்னம்மா இப்படிக் கேட்டுட்ட!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எதிர்வீட்டு டீச்சரம்மா மட்டும் கொஞ்சம் நேர்மை. "எலி பக்கத்து வீட்டுக்குப் போகும்மா. போற வழியில எங்க சமையல்கட்டு இருக்கு, அவ்வளவுதான்" என்றார். டெய்லர், தன் வீட்டில் பூனை இருப்பதாகச் சொன்னார். அந்தப் பூனையை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆக, பகலிலேயே சாக்கடையோரம் பெருச்சாளி நடை பழகுகிற தெருவில் ஒரு வீட்டிலும் எலி இல்லை என்று முடிவாயிற்று.

அதோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவளோ மில்லை ஒட்டிய பழைய சரக்கறையில் மேசை போட்டு, மைக்ராஸ்கோப்பை வைத்து, கையுறை, முகமூடி சகிதம் உட்கார்ந்துகொண்டு, வேண்டியவர்களுக்கெல்லாம் கூண்டு இனாம், எலி மாட்டினால் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். இனாம் என்றதும் இல்லாத எலியெல்லாம் வர ஆரம்பித்தது அக்கா! மருந்துக்கடைக்காரர் கூண்டைத் துணியால் போர்த்தி, ஏதோ கிளி வாங்கி வந்தவர் மாதிரி கொண்டுவந்தார். ஒவ்வொருவரிடமும் இவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எங்க மாட்டுச்சு?" எந்த இடத்து எலி என்று தெரிந்தால்தான் இவள் ஆராய்ச்சிக்கு உதவுமாம். மருந்துக்கடைக்காரர் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, "அது வந்தும்மா... மில்லுப் பக்கம்" என்றார். டீச்சரம்மாவும் மில்லுப் பக்கம். டெய்லர் ஒருபடி மேலே போய், "மில்லு வாசல்லயே ஓடிட்டிருந்துச்சு, பாவம்னு பிடிச்சேன்" என்றார். தன் வீட்டில் எலி உண்டு என்று ஒப்புக்கொள்ள ஓர் ஆத்மாவுக்கும் மனம் வரவில்லை. நான் குறுக்கே விழுந்து கத்தினேன். இவளோ, "அவங்க சொல்றதத்தான்ப்பா நான் எழுத முடியும்" என்று தெருவின் எலியை எல்லாம் என் மில் கணக்கில் எழுதிவிட்டாள்.

நம் மில்லில் எலி கிடையாது என்பது உனக்கே தெரியும். நான் பெருக்குகிற பெருக்கில் எறும்புகூட வழுக்கி விழும். இவளே தினமும் சாயங்காலம் நிலக்கடலை வைத்து மில்லுக்குள் நாலு மூலையிலும் கூண்டு வைக்கிறாள். விடிந்து பார்த்தால் கூண்டு காலி. என் மானம் அந்தக் காலிக் கூண்டுகளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த லட்சணத்தில் ஒருநாள், "அப்பா, இங்க வாயேன்" என்று கூப்பிட்டாள். இடுக்கியில் வெள்ளையாக, நாடா மாதிரி, ஒரு முழத்துக்குக் குறையாமல் ஏதோ தொங்கியது. டெய்லர் கொண்டுவந்த எலியின் குடலில் இருந்ததாம். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! சின்ன வயதில் விழுந்த பல்லைக் கொண்டுவந்து காட்டுவாளே, அதே சிரிப்பு. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, குமட்டவும் செய்தது. இந்தப் புழுவின் முட்டை எலிப் புழுக்கையோடு வெளியே வருமாம். அதை மாவு வண்டு தின்னுமாம். அந்த வண்டு தானியத்திலோ வேகாத மாவிலோ கிடந்து தெரியாமல் வயிற்றுக்குள் போனால் மனிதருக்கும் புழு வருமாம். நன்றாகச் சலித்து, நன்றாக வேகவைத்துவிட்டால் பயமில்லையாம். இதை அவள் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா? வாசலில் கோதுமையோடு நின்ற டீச்சரம்மாவுக்கும் கேட்கிற மாதிரி, மாவு, வண்டு, புழு என்று வரிசையாகச் சொன்னாள். டீச்சரம்மா கோதுமையைத் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து மில்லில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மில்லுக்குப் போகிறார்கள். மில்லுப் பக்கம், மில்லுப் பக்கம் என்று அவர்கள் சொன்ன பொய்யை இப்போது அவர்களே நம்பிவிட்டார்கள். டெய்லரின் மனைவி, தானியப் பாத்திரத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கடந்து போகிறாள். இப்படியே போனால் மோட்டாரைக் கழற்றி விற்க வேண்டியதுதான்.

கோபத்தில் மகளைத் திட்டிவிட்டேன் அக்கா. "உன் புழுவத் தூக்கிட்டு எங்கயாவது போ" என்று சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. "சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற புழுப்பா. மருந்து குடுத்தா போயிடும். ஆனா இருக்குன்னு தெரிஞ்சாதானே குடுக்க முடியும்?" என்று மட்டும் சொன்னாள். அன்று முதல் தட்டை எடுத்துக்கொண்டு சரக்கறைக்குப் போய்த் தனியாகச் சாப்பிடுகிறாள். மில் ஓடாத வருத்தத்தைவிட அந்தத் தட்டு எழுந்து போகிற வருத்தம்தான் எனக்குப் பெரிதாக இருக்கிறது.

அதனால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அத்தை சொன்னால் அவள் தட்ட மாட்டாள். உனக்கு உடம்பு முடியவில்லை என்றோ, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர் வேலை காலி என்றோ ஏதாவது சொல்லி அவளை அங்கே அழைத்துக்கொள். அவள் நல்லதுக்குத்தான், என் மில்லின் நல்லதுக்கும்தான்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். உன் கால் சீக்கிரம் தேறி, நீ இங்கு நடந்து வரும் நாளை எதிர்பார்த்து,

உன் அன்புத் தம்பி.

பின்குறிப்பு: நேற்று உறையை ஒட்டப் போகும்போது டெய்லர் வந்து நின்றார். அவருடைய சின்ன மகள் ரொம்ப நாளாக வயிற்றுவலி என்று சுருண்டுகொண்டிருந்தாளே, அவளை டாக்டரிடம் கூட்டிப்போய் மலத்தைப் பரிசோதிக்கச் சொல்லி என் மகள்தான் விரட்டியிருக்கிறாள். அதே புழுவாம். மருந்து கொடுத்திருக்கிறார்கள், குழந்தை நேற்றுப் பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டதாம். அந்த மனுஷர் நடுத்தெருவில் நின்று, எல்லாரும் கேட்க, "அது மில்லு எலி இல்லம்மா. என் வீட்டு எலி. மாவுப்பானைக்குப் பின்னாடி மாட்டுச்சு. வெக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்" என்று அழுதுவிட்டார்.

என் மானம் திரும்பி வந்துவிட்டது என்று நான் நிமிர்ந்தேன். மகள் மெதுவாக என் பக்கம் திரும்பி, "அப்ப நம்ம மில்லு எலி எங்கப்பா?" என்றாள். "அதான் கூண்டு காலியா இருக்கே" என்றேன். "கடலையும் காலியா இருக்கு. கடலையத் தின்னுட்டு, கதவத் தொறந்து வெளிய வந்து, மறுபடி கொக்கியும் போட்டுட்டுப் போற எலிய நான் எங்கயும் படிச்சதில்லப்பா."

என்ன சொல்ல அக்கா! விடியும் முன் கூண்டுகளைத் தூக்கிப்போய் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் திறந்துவிட்டு வந்தது நான்தான். ஆமாம், எல்லோரும் இப்போது மாவு அரைக்கப் போகிற அதே மில்லுக்குப் பின்னால்தான்.

இன்று காலை மாட்டியதை நானே கையில் தூக்கிக்கொண்டு, போர்த்தாமல், தெரு பார்க்க அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எங்க மாட்டுச்சு?" என்று எல்லாரையும் கேட்பதுபோல் என்னையும் கேட்டாள். "நம்ம மில்லுல" என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள். மத்தியானம் என் தட்டுக்குப் பக்கத்தில் அவள் தட்டும் இருந்தது. புழு இருந்தால் மில்லை மூடிக் கழுவப் போகிறேன், இல்லையென்றாலும் கழுவப் போகிறேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. அவளைக் கூப்பிடாதே. நீ கூப்பிட்டாலும் நான் அனுப்ப மாட்டேன்.