பருத்திக்கு நடுவே ஒரு நோய்

படத்தில், பருத்தி வயலின் நட்டநடுவில் ஒரு பச்சை வட்டம் இருந்தது. சுற்றிலும் பருத்தி தண்ணீர் போதாமல் மங்கிக் கிடக்க, அது மட்டும் வெட்கமில்லாமல் மின்னியது.

சர்வினோஸ் லேப்டாப்பை மாமாவின் பக்கம் திருப்பினாள். துர்குன் மாமா பார்த்தார். கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மேலேர்ந்து பாத்தா இவ்ளோ தெரியுமா?"

"என்ன மாமா அது?"

"முலாம்பழம். ஒரு எண்பது கொடி இருக்கும்."

அரசு பருத்திக்கென்று குத்தகை விட்ட நிலத்தில் வேறு எது விளைந்தாலும் நிலம் கைவிட்டுப் போகும். போன வருடம் பக்கத்து வயல்காரர் வெங்காயம் போட்டார். இப்போது தாஷ்கண்டில் டாக்சி ஓட்டுகிறார். மாமாவுக்கும் அது தெரியும். ஆனால் பருத்தியை நறுக்கித் தட்டில் வைக்க முடியாதே என்றார்.

ட்ரோனை வைத்துப் பருத்தியின் உடல்நிலையை அறிவதுதான் சர்வினோஸின் ஆராய்ச்சி. கல்லூரியில் ட்ரோன் இல்லை. மாவட்ட வேளாண் அலுவலகம் இரவல் கொடுத்திருந்தது, ஒரே நிபந்தனையோடு: எடுக்கிற படமெல்லாம் அந்த நிமிடமே அவர்கள் கணினிக்கும் போகும்.

போயிருந்தது.

மறுநாள் காலை அலுவலகத் தலைவர் எஷ்மத்தோவே போன் செய்தார். நடுவில் அது என்ன என்று கேட்டார். கேமரா கோளாறு என்றாள். அப்படியானால் இன்னொரு தடவை எடுத்து அனுப்பு என்றார்.

மாமா வீட்டிலிருந்த மெத்தை, போர்வை, ஜமுக்காளம் எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றிப் போய்க் கொடிகளைப் போர்த்தினார். வீட்டார் வெறுந்தரையில் படுத்தார்கள். ட்ரோன் பறந்தது. புதிய படத்தில் பச்சை போய்விட்டது. வட்டம் சாம்பல் நிறத்தில் பிணம் மாதிரிக் கிடந்தது.

இந்த முறை எஷ்மத்தோவின் குரல் நடுங்கியது.

"செத்துப்போச்சா? மொத்தமுமா?"

"ஏதோ நோய்ங்க ஐயா," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

அதன் பிறகு ஒரு நாளைக்கு மூன்று போன். என்ன நோய், பரவுகிறதா, கொஞ்சமாவது பிழைக்குமா? கேள்வி வரவர அவளும் விவரம் சேர்த்தாள். நோய்க்குப் பெயர் வைத்தாள். அறிகுறிகளை நான்கு பக்கம் எழுதினாள். அதைப் படித்த பேராசிரியர், புதிய நோயைக் கண்டுபிடித்ததற்காக அவளைப் பாராட்டினார். பாராட்டிவிட்டு, பரவுவதற்குள் வயல் முழுவதையும் கொளுத்திவிட வேண்டும் என்று அலுவலகத்துக்குக் கடிதமும் அனுப்பினார்.

மாமா கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"உன்னக் காலேஜுக்கு அனுப்பறப்பவே உங்கம்மாகிட்ட சொன்னேன், தையல் கத்துக் குடுன்னு."

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. எஷ்மத்தோவ் இறங்கினார். அத்தை பரப்பி வைத்த ரொட்டியின் பக்கமோ, ஆட்டுக்கறிச் சோற்றின் பக்கமோ திரும்பவில்லை. இந்த ஊரில் அதிகாரி சாப்பிடாமல் நின்றால் நிலம் போயிற்று என்று அர்த்தம். வயல் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.

பருத்தியை விலக்கிக்கொண்டு நடந்தார். முதல் மெத்தையைத் தானே தூக்கினார். அடியில் முலாம்பழங்கள் மஞ்சளாகப் பருத்துக் கிடந்தன. மெத்தைச் சூட்டில் ஒரு வாரம் கிடந்ததில் வாசனை முகத்தில் அடித்தது.

மாமா நெஞ்சில் கை வைத்தபடி நின்றார். எஷ்மத்தோவின் முகம் சிவந்தது. மெல்ல மண்டியிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

சர்வினோஸால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நோயும் இல்லை கோளாறும் இல்லை, அத்தனையும் தான் சொன்ன பொய், ஆராய்ச்சியை ரத்து செய்யுங்கள், பட்டம்கூட வேண்டாம், மாமாவின் நிலத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று மூச்சுவிடாமல் கொட்டினாள்.

எஷ்மத்தோவ் ஒரு பழத்தைத் தூக்கி மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருந்தார்.

பின்னாலிருந்து டிரைவர் காலிச் சாக்குகளை உதறியபடி வந்தார்.

"பயப்படாதீங்க தங்கச்சி. ஆபீஸ்ல ட்ரோன் வாங்குனதே, எந்த வயல்ல முலாம்பழம் பழுத்திருக்குன்னு பாக்கத்தான்."