பெட்ரோல் குடிக்கும் கண்

ஜோர்டானின் அம்மான் நகரில் ஒரு மாதமாக ஒரே பேச்சு. பெட்ரோல் விலையைப் பற்றி அல்ல. அது மாதாமாதம் ஏறும், அதில் என்ன புதுமை? பேச்சு ஹாஜி திர்காமைப் பற்றி. ஹஜ்ஜுக்குப் போகாமலே ஹாஜி ஆனவர். அது முதல் அற்புதம். நிற்கிற வண்டியின் பெட்ரோலைக் குடிப்பது யார் என்று கண்டுபிடித்தது இரண்டாவது அற்புதம்.

கண் குடிக்கிறதாம்!

"ஓடுற வண்டி பெட்ரோல் குடிக்குது, நியாயம். நிக்கிற வண்டி ஒரு அடிகூட நகரலையே! அப்ப அந்தப் பெட்ரோல் எங்கப்பா போச்சு? சொல்லுங்க பாப்போம்" என்று திர்காம் கேட்பார். பதிலையும் அவரே சொல்வார்: "ஓடுற வண்டிய பொறாமைக்காரன் கண்ணு துரத்த முடியாது. நிக்கிறதத்தான் ஆற அமரப் பாக்குறான். பாத்துப் பாத்தே உறிஞ்சிடுறான்!"

கூட்டம் தலையாட்டியது. என்ஜினை அணைக்காமலே தலையாட்டியது. எங்கள் ஊரில் வண்டி நின்றாலும் என்ஜின் நிற்காது. ரொட்டி வாங்க இறங்கினாலும் ஓடும், காபிக்கு நின்றாலும் ஓடும், மாமியார் வீட்டு வாசலில் விடைபெறுகிற ஒரு மணி நேரமும் ஓடும். கோடையில் குளிர்ச்சிக்கு, குளிர்காலத்தில் சூட்டுக்கு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று அஞ்சுகிற ஜனங்களுக்கு, சாவியைத் திருப்பலாமே என்று மட்டும் தோன்றவில்லை.

இதெல்லாம் என் காபிக் கடைக்கு எதிரில்தான் நடந்தது. நான் அபூ மஹ்ரான். என் கடை மலைச்சரிவில் இருக்கிறது. மேசையில் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினால் அது வாடிக்கையாளர் மடிக்கு வந்துவிடும், அவ்வளவு சரிவு. ஊரில் எத்தனையோ சமமான தெரு இருக்க, ஹாஜி இந்தத் தெருவை ஏன் பிடித்தார் என்று நானும் யோசிக்கவில்லை. காபி நன்றாக விற்றது. யோசனைக்கு நேரம் ஏது?

சடங்கு இதுதான். வண்டி கீழேயிருந்து ஏறி வந்து, மூக்கை மேலே தூக்கியபடி நிற்கும். பெட்ரோல் முள் பெரும்பாலும் அடியில் கிடக்கும். திர்காம் வெள்ளைக் காபிக் கோப்பை ஒன்றைப் புகைக்குழாயில் பிடிப்பார். உள்ளே கரி படியும். காபி வண்டலில் குறி பார்ப்பதுபோல் அதை உற்றுப் பார்த்து, கண் வைத்தவரின் அடையாளம் சொல்வார். பிறகு, "கண்ணுக்கு முதுகு காட்டு!" என்பார். வண்டி திரும்பி, மூக்கைக் கீழே வைத்து நிற்கும். அவர் எந்த மொழியிலும் இல்லாத எதையோ முணுமுணுக்க, முள் மெல்ல மெல்ல ஏறும்! ஐந்து தினார்.

சில வண்டிகளுக்கு முள் ஏறாது, இறங்கும். அவர்களிடம், "உனக்குக் கண்ணே படல தம்பி, காசு வேண்டாம், போ" என்பார். நேர்மையான மனுஷன் என்ற பெயர் அப்படித்தான் பரவியது. மறுநாள் சமதரையில் முள் இறங்கிவிட்டது என்று வந்தால், "மறுபடி பாத்துட்டாங்க." இன்னும் ஐந்து தினார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால், இங்கே பாத்திரத்தோடு வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த வரிசையில் வந்து சேர்ந்தான் டாக்சி ஓட்டும் ஹிக்மத். வரும் வியாழன் அவன் மகள் லுப்னாவுக்குக் கல்யாணம். திர்காம் அவன் கோப்பையைப் பார்த்துச் சொன்னார்: "நீலக் கண்ணு. உன் பெண்டாட்டி பக்கத்து ரத்தம்."

ஹிக்மத் விழுந்தே விட்டான். அவன் கொழுந்தியாள் ரபாபுக்கு நீலக் கண். அதைச் சற்றுமுன் என் கடையில் உட்கார்ந்து அவனே புலம்பினான்; பக்கத்து நாற்காலியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது திர்காம். கோப்பையில் தெரிந்ததோ இல்லையோ, காதில் விழுந்திருந்தது.

அன்று மாலையே ரபாபுக்குத் தகவல் போயிற்று: கல்யாணத்துக்கு வரவேண்டாம். லுப்னாவைப் பிறந்த நாள் முதல் தோளில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கல்யாணப் பெண் அழுது முகம் வீங்கிக் கிடந்தது.

ரபாப் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். அழுதுகொண்டு உட்காருகிற ஆள் இல்லை. மறுநாள் காலை வந்து என் கடையில் அமர்ந்து, வண்டிகள் ஏறுவதையும் திரும்புவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் மறுபடி இறங்கிவிட்டது என்று ஹிக்மத்தும் வரிசைக்கு வந்திருந்தான்; மதியம் அவன் முறை வந்தது. வண்டி ஏறி, திரும்பி, மூக்கைக் கீழே வைத்து நின்றது. முள் கால் டாங்கிக்கு ஏறியது.

"இது நாலு நாளைக்குத்தான் தாங்கும்" என்றார் திர்காம். "பெரிய முத்திரை போட்டா ஆயுசுக்கும் கவலையில்ல. ஐம்பது தினார்."

ஹிக்மத் சட்டைப் பைக்குள் கையை விட்டான். ரபாப் எழுந்தாள்.

"மச்சான், கொஞ்சம் பொறுங்க."

கூட்டம் பிளந்தது. பாதிப் பேர் தங்கள் வண்டியின் கண்ணாடிகளைக் கையால் மறைத்தார்கள்.

"பாக்காதே! வண்டியப் பாக்காதே!" என்று அலறினான் ஹிக்மத்.

"பாக்கல." அவள் தோளில் கிடந்த துணியை எடுத்துக் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டாள். "இப்ப வண்டிய மேல பாக்கத் திருப்பி நிறுத்துங்க."

"எதுக்கு?"

"ஹாஜி ஓதின வண்டிதானே? என்ன பயம்?"

அத்தனை பேர் எதிரில் பயம் என்று எப்படிச் சொல்வான்? திருப்பினான். கொஞ்ச நேரத்தில் முள் அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஐயோ, குடிச்சுட்டா!"

"துணி வழியா பாக்குறா!" என்று கத்தினார் திர்காம்.

"அப்படியா? அபூ மஹ்ரான், உங்க மேலங்கியக் கொடுங்க."

என் காபிக்கறை மேலங்கி அவள் தலைமேல் ஏறியது. இன்னொருவர் சால்வையைப் போட்டார். துணிமூட்டை மாதிரி நின்றுகொண்டு, உள்ளேயிருந்து ஆணையிட்டாள்: "திருப்பி இறக்கத்துல நிறுத்துங்க. ஹாஜி, நீங்க வாயத் திறக்கக் கூடாது."

முள் ஏறியது. யாரும் ஓதவில்லை, யாரும் பார்க்கவில்லை.

"மறுபடி மேல!" இறங்கியது. "கீழ!" ஏறியது. கூட்டத்தில் ஒரு கிழவர் சிரித்துவிட்டார். "ஏன்டா, இது கண்ணா ஊஞ்சலா?"

ரபாப் மூட்டையைக் கழற்றிப் போட்டாள். என் தட்டிலிருந்து பாதி குடித்த தேநீர்க் கிளாஸ் ஒன்றை எடுத்துச் சாய்த்தாள். "பாருங்க. இந்தப் பக்கம் ஏறிடுச்சு, அந்தப் பக்கம் இறங்கிடுச்சு. தேநீர் கூடுச்சா, குறைஞ்சுதா? டாங்கிக்குள்ள ஒரு மிதவை இருக்கு. பெட்ரோல் அது பக்கம் சாஞ்சா முள்ளு ஏறும், விலகினா இறங்கும். மிதவை வேற பக்கம் இருக்குற வண்டிக்குத் தலைகீழா நடக்கும். அவங்களத்தான் கண்ணு படலன்னு அனுப்பிட்டாரு."

"சரிம்மா" என்றான் ஹிக்மத், குரல் இறங்கி. "ஆனா பெட்ரோல் நெஜமாவே குறையுதே. அத யாரு குடிக்கிறா?"

அந்த நேரம் பார்த்து அவன் டாக்சி இருமியது. இன்னொரு முறை இருமியது. பிறகு நின்றே போனது. முள் மட்டும் கால் டாங்கியைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இதோ, குடிச்சு முடிச்சவன்!" ரபாப் வண்டியின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினாள். "காலையிலேர்ந்து வரிசையில ஓட விட்டிருக்கீங்க. ஏசி வேற. சும்மா நின்னு ஓடினாலே மணிக்கு ஒரு லிட்டர் பக்கமா போகும் மச்சான். இந்தத் தெருவுல இப்ப எத்தன வண்டி நிக்குது, எத்தன என்ஜின் ஓடுது?"

எல்லோரும் தெருவைத் திரும்பிப் பார்த்தோம். நின்றுபோன டாக்சி போக அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றைத் தவிர. முசுக்கொட்டை மர நிழலில் ஒரு வெள்ளைக் கார் சத்தமில்லாமல் நின்றது.

"அது யாரோடது?" என்று கேட்டாள் ரபாப்.

ஹாஜியுடையது. ஒரு மாதமாக அந்தக் கார் நின்ற நேரமெல்லாம் அணைந்தே இருந்தது. அவருக்கு மட்டும் கண் பற்றிய பயம் இல்லை. சாவி பற்றிய அறிவு இருந்தது. கூட்டம் திரும்புவதற்குள் அவர் காரில் ஏறிக் கீழே பறந்துவிட்டார். ஓடுகிற வண்டியைக் கண் துரத்தாது என்று அவர் சொன்னது பொய். நாற்பது பேர் திட்டிக்கொண்டே துரத்தினார்கள்.

ஒவ்வொருவராகப் போய் வண்டியை அணைத்தார்கள். தெரு அமைதியானது. இரண்டு தெரு தாண்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு சிலிண்டர் விற்கப் போகிற கேஸ் வண்டியின் சத்தம் முதல் முறையாக என் கடைக்குக் கேட்டது.

ஹிக்மத் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். "கொழுந்தியா, நான் ஒரு கழுத."

"கழுதைக்குப் பெட்ரோல் செலவில்ல மச்சான். ஏறுங்க, கீழ பெட்ரோல் பங்க் வரைக்கும் உருண்டே போயிடலாம்."

வியாழக்கிழமை லுப்னாவின் கல்யாண ஊர்வலத்தில் முன் வண்டியில், பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனாள் ரபாப். குலவையிடும் நேரம் முழுக்க வண்டிகள் அணைந்து நின்றன. விருந்தில் போட்ட மன்ஸஃபும், அதாவது எங்கள் ஊர் ஆட்டுக்கறிச் சோறும், அருமை.

இத்தோடு ஊர் திருந்தியது என்று முடிக்கத்தான் ஆசை. ஆனால் நேற்று ஒருவர் என் கடை வாசலில் வண்டியை ஓட விட்டபடி இறங்கி வந்து, ரகசியமாகக் கேட்டார்: "அந்த நீலக்கண்ணு அம்மா பாத்தா ஓடுற வண்டிகூட நின்னு போயிடுமாமே? என் பங்காளி வண்டிய ஒரு தடவ பாக்க என்ன கேப்பாங்க?"

அவருக்குக் காபி கொடுக்கவில்லை. இதைத்தான் கொடுத்தேன்: "அண்ணே, வாசல்ல நிக்கிற வண்டிய மொதல்ல அணைங்க. அப்புறம், கழுத்துக்கு மேல ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அதுவும் ரொம்ப நாளா நின்ன எடத்துலயே ஓடிக்கிட்டிருக்கு. அத மட்டும் அணைக்காதீங்க. கியரப் போடுங்க!"