போன புதன்கிழமை

"டிஸ்க்கைக் கடைசியாத் தொட்ட நேரம் எதிர்காலத்துல இருக்குதுன்னு வருதுடா. அதோட நின்னுக்குச்சு" என்று பூபதிராஜா போனில் கத்தினான்.

நல்லாம்பதி பால் சொசைட்டிக்குள் சிக்னல் கிடையாது. எதிரே ரோட்டோரம் போய் நின்றால்தான், கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பார்க்கும் நண்பன் சிவப்பிரகாஷின் குரல் கேட்கும்.

"மிசின்ல இப்ப என்ன தேதி காட்டுது?"

"போன புதன்கிழமை."

"இன்னிக்குச் சனிக்கிழமை. அப்ப நீ இன்னிக்குப் புது லினக்ஸ் போட்டதே அதுக்கு இனிமேத்தான் நடக்கப்போகுது. கொழம்பாம என்ன பண்ணும்? தேதியச் சரி பண்ணீட்டு, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு மறுபடியும் போடு."

சொசைட்டி செயலாளர் பூபதிராஜா கம்ப்யூட்டர் வகுப்பு வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனாலும் நூற்றுப் பன்னிரண்டு பேருடைய பாலை நான்கு வருடமாக ஒரே கம்ப்யூட்டரில், ஒருநாள்கூட நிற்காமல் ஓட்டிக்கொண்டு வந்தவன். காலை ஐந்தே முக்காலுக்கு அவன் உள்ளே நுழையும்போது மிசின் தயாராக விழித்துக்கொண்டிருக்கும். "எல்லாம் கைராசி" என்பான். ஊரில் யாரும் அதை மறுத்ததில்லை. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன்தான்.

இன்று அந்தக் கைராசிக்குச் சோதனை. இன்று சாயங்காலம் முதல், புது மென்பொருள் அச்சடித்த சீட்டு இல்லாத பாலை டேங்கர் லாரி ஏற்றாது என்று மாவட்டப் பால் யூனியனில் சொல்லிவிட்டார்கள். அந்த மென்பொருள் புது லினக்ஸ் இயங்குதளத்தில்தான் ஓடும். நான்கு மணிக்கு லாரி. இந்த வெயிலில் அதற்குமேல் பால் தாங்காது.

கேன் கழுவி, பால் அளக்கும் மருதாத்தாள் காலையிலேயே சுவர் காலண்டரைப் பார்த்துவிட்டு இழுத்தாள். "இன்னிக்கேதான் போடோணுமுங்களா தம்பி? நாளைக்கு வெச்சுக்கலாமுங்களே."

"யூனியன்ல இன்னிக்குன்னு சொல்லீட்டாங்கக்கா. நம்ம கையில என்ன இருக்குது?"

அவள் மிசினுக்குச் சந்தனப் பொட்டு மட்டும் வைத்தாள்.

பூபதிராஜா தேதியைச் சரிசெய்து, இரண்டாவது முறை போட்டு முடித்தான். போட்டு முடித்ததும் மிசினை அணைத்து ஐந்து நிமிடம் சூடு ஆற விடுவது அவன் கொள்கை. காலையில் முதல் தடவை போட்டபோதும் அப்படித்தான் விட்டான். அந்த ஐந்து நிமிடத்தில் ரோட்டுக்குப் போய் சிவப்பிரகாஷிடம் வெற்றியைச் சொல்வான்.

"அக்கா, தூசி விழாமப் பாத்துக்குங்க."

"நீங்க போய்ப் பேசீட்டு வாங்க தம்பி" என்று மருதாத்தாள் துணியும் கையுமாகப் போய் நின்றுகொண்டாள்.

திரும்பி வந்து மிசினைப் போட்டான். எதிர்காலம். போன புதன்கிழமை.

"அப்ப உள்ள இருக்கற பேட்டரி செத்துப்போச்சு" என்றான் சிவப்பிரகாஷ். "வட்டமா, பொத்தானாட்ட இருக்கும். அதுதான் தேதியப் புடிச்சு வெக்கறது."

அது மாதிரி பேட்டரி பக்கத்தில் எந்தக் கடையிலும் இல்லை. பூபதிராஜா யோசித்தான். தன் காரின் ரிமோட் சாவியைப் பிளந்தான். உள்ளே அச்சு அசலாக அதே பேட்டரி! அதை எடுத்து மிசினில் பொருத்தி, தேதி வைத்து, மூன்றாவது முறையும் போட்டு, அணைத்து, ரோட்டுக்குப் போனான். இந்த மூளை வேறு யாருக்கு வரும் என்று மருதாத்தாளே வியந்தாள்.

வந்து பார்த்தால், போன புதன்கிழமை.

"அப்ப டிஸ்க்கேதான் போச்சு" என்றான் சிவப்பிரகாஷ். "வேலந்தாவளம் போய் வேற ஒண்ணு வாங்கியாந்துரு."

பூபதிராஜா ஓடிப்போய்க் காரைச் சாவியால் திறந்தான். ரிமோட்டில் பேட்டரி இல்லாததால் யாரோ திருடன் என்று நினைத்துக் கார் அலறத் தொடங்கியது. அவன் எதை அமுக்கியும் அடங்கவில்லை. பத்து நிமிடம் ஊரே கேட்க அலறியது. கிளம்பவும் இல்லை.

நல்லாம்பதியில் சைரன் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: பால் கொண்டு வரலாம். தினமும் மூன்று மணிக்குக் கேட்கும் சைரன் அன்று ஒன்றே முக்காலுக்குக் கேட்டது. இரண்டேகாலுக்கெல்லாம் வாசலில் நாற்பது கேன்.

"ஏனுங்க பூபதி, இன்னிக்கு நேரமே கூப்புட்டுட்டீங்க" என்றார் வரிசையில் முதலில் நின்ற ஆறுமுகசாமி. "கறந்த சூடு ஆறலீங்க. சட்டுன்னு ஊத்திக்கிட்டாத் தேவலை."

பூபதிராஜா உள்ளே போய் நாற்காலியில் சரிந்தான். நான்கு வருடத்துப் பெயர் ஒரே மத்தியானத்தில் போய்விட்டது.

"இத்தனை பாலும் என்ற கையால புளிக்கோணும்னு இருக்குதுங்கக்கா" என்றான்.

மருதாத்தாள் வாசலில் நின்ற கேன்களைப் பார்த்தாள். காலண்டரை ஒருமுறை பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"கொஞ்சம் எந்திரிங்க தம்பி."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மிசினைப் போட்டு, எஃப் டூ பட்டனைத் தட்டினாள். நீலத் திரை வந்தது. அம்புக்குறியை வலப்பக்கம் இரண்டு முறை, கீழே ஒரு முறை அமுக்கினாள். இன்றைய தேதியை வைத்தாள். எஃப் டென். மிசின் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. புது லினக்ஸ் பளிச்சென்று வந்து நின்றது.

இரண்டரை மணிக்கு ஆறுமுகசாமியின் சீட்டு அச்சாகி வந்தது. நான்கு மணிக்கு வந்த லாரி ஒரு சொட்டு விடாமல் ஏற்றிக்கொண்டு போனது.

கூட்டம் கலைந்ததும் பூபதிராஜா அவள் எதிரே வந்து நின்றான். "இதெல்லாம் உங்களுக்கு எப்படீங்கக்கா தெரியும்?"

"அந்தப் பேட்டரி செத்து நாலு வருசமாச்சுங்க தம்பி. ராத்திரி கரண்ட் போனாத் தேதியும் போயிரும். நீங்க வரதுக்குள்ள தெனமும் நான் வெச்சுருவேன்."

தன் கைராசி யாருடைய கையில் இருந்தது என்று பூபதிராஜாவுக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

"அடுத்த கமிட்டியில சொல்லப்போறேன். இனி இந்த மிசினுக்குப் பொறுப்பு நீங்கதானுங்க. சிவப்பிரகாஷெல்லாம் உங்ககிட்டப் பிச்சை வாங்கோணும்." சற்று யோசித்தான். "ஆனா அக்கா, புதுப் பேட்டரி போட்டுங்கூட அதெப்படி மறுபடி மறுபடி போன புதன்கிழமைக்கே போச்சு?"

மருதாத்தாள் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னிக்குக் கரிநாளுங்களே தம்பி, புதுசா எதையும் தொடங்கப்படாது, அதான் நீங்க ரோட்டுக்குப் போனப்பல்லாம் நல்ல முகூர்த்தமாப் பாத்துத் தேதியத் திருப்பி வெச்சேன்."