மீன்கள் கும்பிட்ட குளம்

விடிவதற்கு முன்பே குளத்தங்கரையில் கால் வைக்க இடமில்லை. செதில் சாமி வருகிறாராம். மீனே அவரைக் கும்பிடுகிறதாம். மனுசர் கும்பிட்டால் அதிசயமா, கண்ணுங்களா? அதைத்தான் தினமும் பார்க்கிறோமே!

சாமி வந்தார். கழுத்தில் சிப்பி மாலை, தோளில் பொடிமூட்டை. தண்ணீரைப் பார்த்து, "வாங்கடா செல்லங்களா!" என்றார். அடேயப்பா! குளம் முழுக்க வாய்கள். திறந்து திறந்து மூடின.

"பாத்தீங்களா, என் பேரைச் சொல்லுதுங்க!"

கூட்டம் உருகியது. குளத்துக்கார அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. போன தடவை வளர்த்த மீனில் பாதி நோயில் போயிற்று. இந்தத் தடவையும் போனால் குளத்தை விட்டுவிட வேண்டியதுதான். சாமியை அழைக்காமல் என்ன செய்வாள், பாவம்!

இந்தப் பொடியின் கதையையும் கேளுங்கள். தீவனக் கடையில் ஒன்று விற்கிறார்கள். மீனின் குடலுக்கு நல்லது செய்யும் கிருமிகள், உயிரோடு இருப்பவை. தீவனத்தில் பிசறிக் கொடுத்தால் தின்றது செரிக்கும், நோய் குறையும், மீன் தேறும். பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அந்த மாதிரி சமாச்சாரம். சாமி அதையே வாங்கினார். வாணலியில் போட்டுச் சிவக்க வறுத்தார். 'தேவதைப் பொடி' என்று பேர் வைத்துப் பத்து மடங்கு விலைக்கு விற்றார். கூடவே ஒரு கட்டளை: ராத்திரியில் ஏரேட்டரை நிறுத்த வேண்டும். தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்கும் சக்கரம் அது. அதன் சத்தத்தில் மந்திரம் கலைந்துவிடுமாம். அம்மாவும் நேற்று ராத்திரியே நிறுத்திவிட்டாள். என்ன மென்மையான மந்திரம்!

கூட்டத்தை இடித்துக்கொண்டு அம்மாவின் தங்கை வந்தாள். பக்கத்துப் பண்ணையில் தீவனம் கலக்கிறவள்.

"அக்கா, மீன் கும்பிடல. மூச்சு முட்டித் தவிக்குது!"

"வாயை மூடுடி, சாமி காதுல விழப்போகுது!"

"நல்லா விழட்டும். சாமி, சக்கரத்தைப் போடட்டுமா? உங்க பக்தருங்கதானே, எங்க போயிடப் போறாங்க?"

சாமி பதில் யோசிப்பதற்குள் அவள் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

சக்கரம் சுழன்றது. மீன்கள் சாமிக்கு வாலைக் காட்டிவிட்டுச் சக்கரத்தை நோக்கிக் கூட்டமாகப் போயின. அட துரோகிகளா! கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக அடியில் இறங்கின. தண்ணீர்மேல் ஒரு வாய்கூட இல்லை.

"இப்பக் கூப்பிடுங்க சாமி."

"செல்லங்களா!" என்றார். "கண்ணுங்களா!" என்றார். மந்திரத்தை உரக்கச் சொன்னார். ஒரு செதில்கூடத் திரும்பவில்லை.

"எல்லாம் நாத்திக மீனாப் போச்சு போல," என்றது ஒரு குரல்.

"பொடி! என் பொடியில சக்தி இருக்கு! நெருப்புல வறுத்து ஏத்தின சக்தி!" என்று சாமி மூட்டையைத் தூக்கிக் காட்டினார்.

குளத்துக்கார அம்மா ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். கருகல் வாடை. "நாங்க தீவனத்துல பிசறுற கிருமிப் பொடிதான்க்கா இது, வறுத்துட்டாரு," என்றாள் தங்கை.

"ஏன் சாமி, கொதிக்கிற பால்ல உறை ஊத்தினா தயிராகுமா?"

சாமியின் வாய் திறந்து திறந்து மூடியது. அதை யாரும் கும்பிடு என்று எடுத்துக்கொள்ளவில்லை.

"உசுரோட போடணும்க்கா, அப்பத்தான் வேலை செய்யும். அப்படிப் போட்டாலும் காத்து வேணும், சுத்தமான தண்ணி வேணும். இது மந்திரமில்ல, கிருமி," என்றாள் தங்கை.

பின்னாலிருந்து ஒரு குளத்துக்காரர் மெல்லக் கேட்டார்: "அப்போ... எங்க குளத்துல கும்பிட்டுக்கிட்டிருக்கிறதும்?"

"ஓடுங்கண்ணே! போய்ச் சக்கரத்தைப் போடுங்க!"

அவ்வளவுதான். ஆளுக்கொரு திசையில் ஓட்டம். அந்தச் சந்தடியில் சாமியும் ஓடினார், குளமே இல்லாத திசையில். மூட்டையை மட்டும் மறந்துவிட்டார். அம்மா அதை அடுப்புச் சாம்பலோடு கொட்டினாள், மீன் பிழைத்தது.

மீன் வாயைத் திறந்தது மூச்சுக்காக. நாம் வாயைப் பிளந்தது எதற்காக? மீன் தலையாவது சட்டிக்கு ஆகும், கண்ணுங்களா. நம் தலையை வேறு எதற்கு வைத்திருக்கிறோம்?