தெருவைத் திறந்துவிட்ட தம்பிக்கு

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினரும், தேசப் பாதுகாப்புக் குழு உறுப்பினரும், சிறுதொழில் நிவாரணக் குழுவின் துணைத் தலைவரும், வெளியுறவு ஆலோசனைக் கூட்டங்களுக்குத் தவறாமல் அழைக்கப்படுபவருமாகிய என் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலம் என்பதை உன் வாராந்திர அறிக்கையின் நாலாம் பக்கத்துப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் இளைத்திருக்கிறாய். நேரத்துக்குச் சாப்பிடு.

போன் பண்ணாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் பண்ணினேன். உன் உதவியாளர்தான் எடுத்தார். ஐயா மீட்டிங்கில் இருக்கிறார், விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னால் குறித்துக்கொள்கிறேன் என்றார். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். நன்றிக்குத் தனிப் பதிவேடு இல்லை மேடம், குறை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். அதோடு, இதையெல்லாம் உன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் நீ சிரித்துவிடுவாய், நான் அழுதுவிடுவேன். எழுதினால் இரண்டு பேருக்கும் சங்கடமில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பாதிதான் உனக்குத் தெரியும். ஏழு வாரத்துக்கு முன்னால், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அரசு விருந்தினர் மாளிகைக்கு வெளிநாட்டுத் தூதுக்குழு வந்து இறங்கியது. மூன்று நாள் பேச்சுவார்த்தை, மூன்று நாள் பாதுகாப்பு என்று தெருவின் இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு வைத்தார்கள். பேச்சுவார்த்தை நன்றாக நடந்ததாம், அதனால் நீட்டித்தார்கள். பிறகு சரியாக நடக்கவில்லையாம், அதற்கும் நீட்டித்தார்கள். கடைக்காரர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் ஒரு மாத பாஸ். வாடிக்கையாளருக்கும் பாஸ் உண்டு, ஆனால் அதைக் கொடுக்கும் ஜன்னல் மாளிகை வாசலில், அதாவது தடுப்புக்கு உள்ளே இருக்கிறது. பாஸ் இல்லாமல் அங்கே போக முடியாது. கண்ணாடி உடைந்து கண் தெரியாமல் வருகிறவரிடம் இதை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். பதினாறு வருஷமாக நடத்தும் மூக்குக்கண்ணாடிக் கடை. நாளெல்லாம் ஃபிரேம்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கினேன். கட்டடக்கார அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப்பார்த்தார். யாரும் வராத இடத்தைச் சும்மா வைத்திருப்பானேன், மாளிகைக்காரர்கள் உபரி நாற்காலிகளைப் போட்டுவைக்க இடம் கேட்கிறார்கள், இந்த மாதக் கடைசிக்குள் ஆள் நடமாட்டம் வந்தால் பார்க்கலாம் என்று தன்மையாகத்தான் சொன்னார். வராவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

இதற்கு நடுவில் உன் வாராந்திர அறிக்கை வந்தது. தேசப் பாதுகாப்பு, தொழில் நிவாரணம், வெளியுறவு என்று வழக்கம்போல மூன்று தலைப்பு. முதல் தலைப்பின் கீழே, தொகுதியில் ஒரு தெரு முழுமையாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தாய். அது நான். இரண்டாவதில், பாதுகாப்பினால் மூடிக்கிடக்கும் சிறு கடைகளுக்கு நிவாரணம். அதுவும் நான். மூன்றாவதில், இரு நாட்டு மக்களிடையே நல்லுறவு நாளுக்கு நாள் வளர்கிறது. அதுவும் நானாகத்தான் இருக்க வேண்டும். தூதுக்குழுத் தலைவர் தினமும் காலை நடைக்கு வந்து, திறந்திருக்கும் ஒரே கடை என்பதால் என் கடைக்குள் நுழைந்து, நாற்பது ஃபிரேம்களைப் போட்டுப் பார்த்து, கண்ணாடியில் தன்னையே ரசித்துவிட்டு, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போவார். ஒன்றும் வாங்கியதில்லை. உன் ஒரு வார வேலை முழுக்க என் ஒரு கடைக்குள் நடக்கிறதே என்று பெருமையாகத்தான் இருந்தது, போ.

நிவாரணத்துக்கு எழுதிப்போட்டேன். விசாரிக்க அதிகாரி வந்தார். பாஸ் இல்லாததால் மூன்று தடவை தடுப்போடு திரும்பிப்போனார். நாலாவது தடவை எப்படியோ உள்ளே வந்தார். கடை வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்னங்க, கடை திறந்திருக்கே" என்றார். ஆமாம், ஆனால் ஒருத்தரும் வருவதில்லை என்றேன். "மூடியிருக்கிற கடைக்குத்தாங்க நிவாரணம். இது திறந்திருக்கு, உள்ளே ஆளும் இருக்கு." யார் ஆள் என்று கேட்டேன். "நீங்கதான்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இனிமேல் சொல்லப்போவது உன் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரிய வேண்டாம். தடுப்பில் நிற்கும் காவலரைத் தெருவில் எல்லோரும் தடுப்பு அண்ணன் என்போம். ஐம்பது தாண்டியவர், தங்கமான மனுஷன். அவர் பாஸை வாங்கிப் பார்க்கும் விதத்தை நான் ஒரு வாரமாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, அப்புறம் பாஸை விட்டுவிட்டு ஆளின் முகத்தைப் பார்ப்பார். என் தொழிலில் இருப்பவளுக்கு இதற்கு மேல் சோதனை வேண்டுமா. ஒருநாள் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து மெதுவாகக் கேட்டேன்.

"ரெண்டு வருஷமா இப்படித்தாம்மா" என்றார். "மேல சொன்னா ஆபீசுக்குள்ள மேசை வேலைக்குப் போட்டுடுவாங்க. எனக்கு உக்காந்தா ஒத்துக்காது."

"அப்ப பாஸ்ல என்னதான் பாக்குறீங்க?"

"கையில ஏதாவது காகிதம் இருக்கான்னு பாப்பேன். நம்ம நாட்டு ஜனங்க காகிதம் இல்லாம பொய் சொல்ல மாட்டாங்க."

பெட்டிக்கடைக்காரர் ஒருவர் மூன்று வாரமாகச் சலவைக் கடை ரசீதைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்துபோகிறாராம், அது எனக்குப் பிறகு தெரிந்தது. தம்பி, நான் நல்லவள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்றைக்குச் சாயங்காலமே என் வாடிக்கையாளர்கள் பதினான்கு பேருக்குப் போன் செய்து, உள்ளங்கை அளவில் ஏதாவது ஒரு அட்டையைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வந்தார்கள். நூலக அட்டை, தடுப்பூசி அட்டை, ஒருவர் சீட்டுக்கட்டில் ஒரு ராஜா. ஐந்து நாள் கடை களைகட்டியது. கட்டடக்கார அம்மாவும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் மனசு உறுத்த ஆரம்பித்தது. ராஜாவைக் காட்டி உள்ளே வரலாம் என்றால் யார்தான் வர முடியாது? தூதுக்குழுவுக்கு ஒன்று ஆகிவிட்டால் நாளைக்கு நாட்டுக்கு யார் பதில் சொல்வது? நீதான் எழுந்து நின்று சொல்ல வேண்டும். என்னுடைய வியாபாரம் உன் தலையில் விடியும். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அவரை அவருடைய ஸ்டூலிலேயே உட்காரவைத்துச் சோதித்தேன். ஒன்றே முக்கால் பவர். நல்ல ஃபிரேமாகப் பார்த்துப் போட்டு, மறுநாள் காலை நானே மாட்டிவிட்டேன். உலகத்தைப் புதிதாகப் பார்ப்பவர் மாதிரி சுற்றிமுற்றிப் பார்த்தார். கண் கலங்கியது. "அம்மா, எனக்குப் பார்வையைக் குடுத்தீங்க" என்று என் பாஸை வாங்கினார். ஆசையாகப் படித்தார். மறுபடி படித்தார்.

"அம்மா, இது போன மாசமே முடிஞ்சுபோச்சே."

புதுப்பிக்கும் ஜன்னல் உள்ளே இருக்கிறது அண்ணே என்றேன். தெரியும் என்றார். கடைச் சாவி என் கையில்தான் இருக்கிறது, பாருங்கள் என்றேன். சாவியையும் வாங்கி, கண்ணாடி வழியாக நன்றாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க செஞ்ச உதவிய ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

என் கடைக்கு வெளியே, என் கையால் கொடுத்த பார்வையால் நிறுத்தப்பட்டு, மூன்று நாள் நின்றேன். அதற்கப்புறம்தான் சனிக்கிழமை உன் குறைகேட்கும் கூட்டத்துக்கு வந்தேன். டோக்கன் முப்பத்தொன்று. எனக்கு முன்னால் முப்பது பேர் தங்கள் வீட்டுக் கூரை, தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் சொன்னதை நீ எவ்வளவு பொறுமையாகக் கேட்டாய் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதில் உன்னிடம் ஒரு வேலை சொன்னால் முடிப்பதற்குள் ஓடிவிடுவாய். இது எப்போது வந்தது உனக்கு? என் முறை வந்தபோது, "சொல்லுங்கம்மா, என்ன குறை" என்று நிமிர்ந்தவன் என்னைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்தாய். உதவியாளர் குனிந்து, உறவினர் மனு என்றால் சபையில் அறிவிக்க வேண்டும், அதற்குப் பதினைந்து நாள் ஆகும் என்று உன் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். நீதான், "மனு குடுக்காதக்கா. செவ்வாய்க்கிழமை நானே வந்து தெருவைப் பாக்குறேன். என் தொகுதியை நான் பாக்க யாரும் மனு போட வேண்டியதில்லை" என்றாய்.

வந்தாய். தடுப்பு அண்ணன் உன் உறுப்பினர் அட்டையை வாங்கிப் படித்தார். முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல இருக்கறவருக்கு நிறைய முடி இருக்குங்க" என்றார். உன் டிரைவர், இவர் யார் என்று தெரியுமா என்று இறங்கி வந்தார். நீ டிரைவர் தோளில் கை வைத்து, "அவர் வேலையை அவர் பாக்கட்டும்" என்றாய். தம்பி, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தக் கடிதம். மாளிகையிலிருந்து யாரோ வந்து உன்னை அடையாளம் சொல்லும் வரை ஐம்பது நிமிஷம் வெயிலில், நடைபாதை ஓரத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஃபிளாஸ்க்கின் மூடியில் ஆளுக்குக் கொஞ்சமாகத் தேநீர் குடித்தோம். நாம் இரண்டு பேரும் அப்படி உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகிறது. நீ பேசிக்கொண்டே இருந்துவிட்டு, சட்டென்று, "கடை போயிடுமாக்கா?" என்றாய். மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாம் என்றேன். உடனே எழுந்தாய். தடுப்பு அண்ணனிடம் தொகுதி உறுப்பினரின் பரிந்துரைப் படிவம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, கார் பானெட் மேல் வைத்து, ஒரு நொடிகூட யோசிக்காமல் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, இன்றைக்கே மேலே அனுப்புங்கள் என்று கொடுத்தாய். அந்த வேகத்தைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புதன் மத்தியானம் லாரி வந்தது. இரண்டு பக்கத் தடுப்பையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். தடுப்பு அண்ணன் ஸ்டூலை மடித்துக்கொண்டு, எனக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு அதே லாரியில் ஏறினார். நான் முதல் வேலையாக ஓடிப்போய் என் பாஸைப் புதுப்பித்தேன். எதற்கு என்று கேட்காதே, பழக்கதோஷம். பிறகு கடையைத் திறந்தேன். முதலில் வந்தவர் பள்ளிக்கூட ஆசிரியை. கண்ணாடி இல்லாமல் ஏழு வாரமாக விடைத்தாள் திருத்தியதில் வகுப்பு முழுக்கப் பாஸாகிவிட்டதாம், அவசரமில்லை, மெதுவாகக் கொடுங்கள் என்றார். சாயங்காலத்துக்குள் உட்கார இடமில்லை. கட்டடக்கார அம்மாவே வந்து, "நீங்க இருங்க, நாற்காலியை வேற எங்கயாவது போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த நன்றி முழுசாக இருக்காது. முதல் தேர்தலில் நான் உனக்கு ஓட்டுப் போடவில்லை. நீ ஜெயித்தால் எங்களுக்கு இல்லாமல் போய்விடுவாய் என்று பயந்தேன். எதிர்த்து நின்றவருக்கும் போட மனசு வரவில்லை, அதனால் வெறும் சீட்டை மடித்துப் போட்டுவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது, இவன் எங்கேயும் போய்விடவில்லை என்று தெரிந்துகொண்டேன். சட்டம் போடுகிறவன் தடுப்புக்கு வெளியே பொறுமையாக நிற்பதைப் பார்க்கக் கொடுத்துவைத்த அக்கா எத்தனை பேர் இருப்பார்கள்?

நீயும் உன் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நாட்டுக்கு உன்னால் நல்லது நடக்கட்டும். உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள், உதவியாளருக்கு என் வணக்கம். நன்றிக்கு ஒரு பதிவேடு போடச் சொல்.

என்றும் உன்
அக்கா

பின்குறிப்பு: இதை வியாழக்கிழமை எழுதி, உறைக்குள் போட்டு, வெள்ளிக்கிழமை காலை தபாலில் சேர்க்கலாம் என்று கடையை விட்டு இறங்கினால், அதே லாரி நிற்கிறது. தடுப்புகள் மஞ்சளும் கறுப்புமாகப் பளபளக்கின்றன. "பெயின்ட் அடிக்கத்தாம்மா போச்சு" என்றார் தடுப்பு அண்ணன். பையிலிருந்து புது உத்தரவை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு எழுத்துக்கூடத் தடுமாறாமல் படித்துக் காட்டினார். தொகுதி உறுப்பினரின் பரிந்துரையை ஏற்று, பாதுகாப்பு மேலும் மூன்று மாதத்துக்கு, அடுத்த தெருவையும் சேர்த்து. படிவத்தின் நகலையும் பார்த்தேன். நீக்கலாம் என்று ஒரு கட்டம், நீட்டிக்கலாம் என்று ஒரு கட்டம், அடுத்த தெருவுக்கு விரிவாக்கலாம் என்று இன்னொரு கட்டம். எழுத்து பொடிதான், ஒத்துக்கொள்கிறேன். நீ முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டிலும் டிக் அடித்திருக்கிறாய். கையெழுத்து நன்றாக இருக்கிறது. அடுத்த தெருவில்தான் உன் அலுவலகம் இருக்கிறது என்பதை நினைவுபடுத்துகிறேன். நாளைக்குச் சனிக்கிழமை. குறை சொல்ல வருகிற ஜனங்களும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள், நீயும் அந்தப் பக்கம்தான் நிற்பாய். அவன் என் தம்பி, கொஞ்சம் பார்த்து உள்ளே விடுங்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். புதுப் படம் ஒட்டிய அட்டை கொண்டுவரட்டும் என்றார். கட்டடக்கார அம்மா கையில் அளவு நாடாவோடு வாசலில் நிற்கிறார். ஆகவே மேலே எழுதிய நன்றியைக் கிழித்துப் போடாதே, செலவழிக்கவும் செய்யாதே, அப்படியே வைத்திரு. இதைத் தபாலில் போடாமல் இன்றைக்கே ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை தடுப்பின் அந்தப் பக்கம் வந்து நில். நான் இந்தப் பக்கத்திலிருந்தே உன் கண்ணைச் சோதித்துவிடுகிறேன். எழுத்து அட்டையைப் பிடித்துக்கொள்ள அண்ணன் சம்மதித்துவிட்டார். கடைசி வரியை உன்னால் படிக்க முடிகிற பவர் எது என்று தெரிந்ததும், கண்ணாடியை மாட்டிவிட்டு, அவரிடமே இன்னொரு படிவம் வாங்கித் தருகிறேன்.