நிச்சயதார்த்தத்தில் கோபுர ஆராய்ச்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். மகளின் நிச்சயதார்த்தத்தைக் கெடுக்கப் பார்த்தவன் நான்தான் என்று எழுத எந்த அப்பனுக்குக் கை வரும்? ஆனால் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஆசிரமத்துப் பக்கம் எங்கள் வீடு. மாடியில் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் குடியிருந்தார். அவர்கள் ஊர்ப் பழைய சர்ச்சுகளின் வளைவும் கோபுரமும் நம் பக்கத்திலிருந்து போனவை என்பது அவர் கட்சி. அதற்காகவே அந்த ஊர் அறிஞர்கள் அவரைத் திட்டித் தீர்த்து, பேசக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். (எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.)

அன்று வெள்ளிக்கிழமை. போளூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். பத்தரைக்கு ராகு காலம்; அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். கொஞ்சம் நேரம் இருந்தது. வரப்போகிற சம்பந்தியிடம் பெருமையடிக்க ஆசை வந்தது. பேராசிரியரைக் கூப்பிட்டு, "சார், நம்ம கோபுரத்தப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்க" என்றேன்.

அவர் லேப்டாப்போடு இறங்கி வந்தார்.

அவர் இங்கிலீஷைத் தமிழில் சொல்ல, கல்யாணப் பெண்ணைத் தவிர ஆள் இல்லை. பட்டுப்புடவையில் தலை குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். அவர் நீளமாகப் பேசுவார். இவள், "கோபுரம் நல்லா இருக்காம்" என்று முடிப்பாள்.

ராஜகோபுரம் திரையில் வரும்போதெல்லாம் சம்பந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணாமலையார் கோபுரத்தைப் புகழ்கிறவரை எந்த வாயால் நிறுத்தச் சொல்வேன்? சமையலறை வாசலில் நின்று என் மனைவி கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தாள். பத்தரையும் ஆயிற்று.

"அடடா, ராகு காலம் வந்துட்ச்சே!" என்றார் சம்பந்தி.

"கெளம்பிடலாங்களா?" என்றார் அவர் மனைவி.

"ராகு காலத்துல எப்டிமா கெளம்பறது? குந்து."

பேராசிரியர் முகம் மலர்ந்தது. யாரும் எழுந்து போக முடியாத சபை அவருக்கு வாய்த்ததே இல்லை. அடுத்த படத்தைப் போட்டார். பன்னிரண்டு வரை சர்ச் சர்ச்சாக அலைந்தோம்.

மகள் என் காதோரம் குனிந்தாள். "அப்பா, இவங்க வேணாம்னு போய்ட்டாங்கன்னா உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்." அவள் கண் கலங்கியிருந்தது.

பன்னிரண்டு தாண்டியதும் சம்பந்தி விருட்டென்று எழுந்தார். அவ்வளவுதான், போச்சு. 'அருணாசலா' என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தட்ட எடுங்க, சீக்ரம்! அவரு தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள மாத்திக்கலாம்!"

நகை, சீர் எதுவும் பேசவில்லை. பேச யாருக்கும் தெம்பில்லை.

கல்யாணத்தன்று பேராசிரியரைச் சம்பந்தியே மரியாதையாகக் கைப்பிடித்து அழைத்துப்போய், தவில்காரருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். இன்றைக்கும் நான் பேச்சை இழுத்தால், "தவில்காரரக் கூப்புடட்டுமா மாமா?" என்கிறார் மாப்பிள்ளை.

சொந்தக்காரர்கள் இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். சம்பந்தி மயங்கி விழுந்தார் என்றுகூடக் கேள்விப்பட்டேன். அவர் விழவில்லை. நீங்கள் யாரிடமாவது சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.