கையில் ஏறிய கடலட்டை

என் பெயரைச் சொன்னால் கற்பிட்டிக் கரையில் தெரியாத ஆள் இல்லை என்று நான் சொல்லிக்கொள்வது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. சூசை என்று சொன்னால் "எந்தச் சூசை?" என்பார்கள். வலது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிக் காட்டினால் போதும். "ஆ, அட்டைச் சூசையா! முதலே சொல்லியிருக்கலாமே" என்று கதிரை இழுத்துப் போடுவார்கள்.

ஓம், என் முன்னங்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கடலட்டை படுத்திருக்கிறது. பச்சை குத்தியது. கழுகு குத்தியவன் இருக்கிறான், டிராகன் குத்தியவன் இருக்கிறான், சிலுவை குத்தியவர்கள் எங்கள் கோயிலடியிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். கடலட்டை குத்திய மனிதன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். இன்னொருவன் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு நேரச் சாப்பாடு போட்டு அனுப்புகிறேன்.

அட்டையைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடலடி மணலில் சும்மா கிடக்கும் பிராணி அது. கண் கிடையாது, கால் கிடையாது, செதில் கிடையாது. தலை எந்தப் பக்கம் என்பதில் அதற்கே சந்தேகம். எங்கள் ஆட்கள் ஒருவரும் அதை வாயில் வைப்பதில்லை. ஆனால் குடலெடுத்து, அவித்து, உலர்த்தி அனுப்பினால் சீனாக்காரன் பவுன் மாதிரிப் பொத்திப் பிடித்து வாங்குகிறான். நாட்டில் சண்டை முடிந்து, கடலில் இருந்த தடையெல்லாம் எடுபட்ட பிறகு, ஒரு ஓட்டை வள்ளத்தோடு உச்சமுனைப் பக்கம் போய் மூழ்கத் தொடங்கியவன் நான். ஐந்தாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டிருந்தோம். அப்படிப்பட்டவனுக்குக் கல்வீடு வந்தது, படகுகள் வந்தன, வீட்டுக்குள்ளேயே குழாயில் தண்ணீர் வந்தது. மகள் டிலானி படித்து சிலாபத்தில் ஆசிரியையானாள். எல்லாம் அட்டை போட்ட பிச்சை.

அந்த நன்றியை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை. எங்கள் கரையில் உடம்பில் எழுதுவது புதிதில்லை. நங்கூரம் குத்திய இரண்டு பேருக்கு வள்ளம் ஆடினாலே குமட்டும். காதலியின் பெயரைக் குத்திவிட்டு வேறொருத்தியைக் கட்டிய ஒருவன் குளிக்கும்போதும் கைமணிக்கூட்டைக் கழற்றுவதில்லை. சண்டைக் காலத்தில் மட்டும் இந்த ஆசை ஒருவருக்கும் இருக்கவில்லை. சோதனைச் சாவடியில் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஒரு சின்னத் தழும்பு இருந்தாலும் அதன் சரித்திரம் முழுவதும் கேட்டார்கள். வெறும் தோலோடு வீடு வந்து சேர்வதே பெரிய காரியம். அதெல்லாம் ஓய்ந்த பிறகுதான், தோல் எனக்குச் சொந்தம் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

காற்றுக் காலத்தில் பட்டம் பிடித்துக் கடலில் ஓட வரும் வெள்ளைக்காரர்களுக்காக, நுவன் என்ற சிங்களத் தம்பி ஒருவர் கடற்கரையில் ஓலைக் கொட்டில் போட்டு டட்டூ குத்திக்கொண்டிருந்தார். நான் போனேன். வெறுங்கையோடு போகவில்லை. ஒரு வாளி கடல் தண்ணீரில் உயிரோடு ஓர் அட்டையையும் கொண்டுபோனேன். (பார்த்துக் கீற வேண்டாமா?)

தம்பி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "அங்கிள், மே மொனவாத?" என்றார். இது என்ன என்று கேட்கிறாராம்.

"கடலட்டை. இதை அப்படியே என்ட கையில போட வேணும்."

"அங்கிளுக்கு டொல்ஃபின் போடுவமா? கற்பிட்டி எண்டா டொல்ஃபின்தானே. எல்லாரும் அதுதான் போடுறது."

"டொல்ஃபின் எனக்கு ஒரு நாளும் சோறு போடல்ல தம்பி."

பாவம், அவர் அட்டையைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். அதற்குப் பிடிக்கவில்லை. பயந்தால் அட்டை செய்கிற வேலையைச் செய்தது. உள்ளே இருந்த குடல் எல்லாவற்றையும் அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் கக்கியது. அதற்குப் பிறகு அவர் அதிகம் கதைக்கவில்லை. ஊசியை மட்டும் கொஞ்சம் ஆழமாக இறக்கினார் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் வேலை சுத்தம். கபில நிறம், மேலே கறுப்புச் சுருக்கங்கள், ஓரத்தில் நிழல். பார்த்தால் கையில் இருந்து புடைத்து எழும்பின மாதிரி இருந்தது. புறப்படும்போது, "ரெண்டு கிழமைக்குக் கடல் தண்ணி படக் கூடாது" என்றார். கடலில் பிறந்து கடலில் வளர்ந்தவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? சிரித்தேன். அடுத்த நாளே மூழ்கினேன்.

அதற்கு முன் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். படியேறிய உடனே கையை நீட்டினேன். மனைவி பிலோமினா பார்த்தாள். மூக்கைப் பொத்தினாள்.

"என்னத்தில கைய வச்சீங்க? உள்ள வராதீங்க, கிணத்தடியில போய் நல்லாக் கழுவிட்டு வாங்க."

"கழுவினாப் போகாது பிலோ."

"சவுக்காரம் போடுங்க, போகும்."

மன்னாரில் இருந்து இடம்பெயர்ந்து வந்து தில்லையடியில் வீடு கட்டியிருக்கும் நஸீர் நானா என் அட்டை முழுவதையும் வாங்குகிற வியாபாரி. அவராவது மதிப்பார் என்று காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார்.

"சூசை அண்ணன், எங்கட மார்க்கத்தில பச்சை குத்துறது ஹராம். ஆனா இது ஹராமா இல்லையா எண்டு என்னால சொல்ல ஏலாம இரிக்கி. இது என்ன எண்டே வெளங்குதில்லையே!"

உப்புத் தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. நாலாம் நாள் கை வீங்கியது. அட்டை என் கையில் நிஜமாகவே கொழுத்தது. மேலே பொருக்குத் தட்டி, ஓரம் சிவந்து, தொட்டால் உயிர் போகும். சரியாக அந்த நேரம் பார்த்து டிலானி சிலாபத்தில் இருந்து வந்தாள். தன்னோடு படிப்பிக்கும் றொஷான் என்ற பிள்ளையைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்றும், அவனுடைய தாய் தகப்பன் வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வருகிறார்கள் என்றும் சொன்னாள். தகப்பன் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். தாய் ஓய்வு பெற்ற தாதி, ஊர் முழுக்க மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுமாம். சொல்லிக்கொண்டே வந்தவள் என் கையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அப்பா, றொஷான்ட அப்பாவுக்கு டட்டூ எண்டாலே ஆகாது. பள்ளிக்கூடத்தில எத்தனை பேரை வெளியில அனுப்பினவர் தெரியுமா? ரௌடிதான் குத்துவானாம். அவர் இதைப் பார்த்தார் எண்டா கல்யாணக் கதை அதோட முடிஞ்சுது." சொல்லும்போதே கண் கலங்கியது. சின்ன வயதில் விழுந்து முழங்கால் உடைத்தபோதும் அழாத பிள்ளை அவள்.

"நீ பயப்படாத மகள்" என்றேன். "அப்பா நீட்டுக் கைச் சட்டை போடுவன்."

ஞாயிறு வந்தது, வெயிலும் வந்தது. மணிக்கட்டு வரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்று றொஷானையும் தாய் தகப்பனையும் வரவேற்றேன். அதிபர் நல்ல உயரம், இஸ்திரி போட்ட மாதிரி நிற்பார். வந்து உட்கார்ந்ததுமே தொடங்கினார்.

"வாற வழியில மதுரங்குளியில தேத்தண்ணி குடிக்க இறங்கினம். கடைக்காரன்ட கழுத்தில தேள் குத்தியிருக்கு. தேத்தண்ணிய அப்பிடியே வச்சிட்டு எழும்பி வந்திட்டன்."

"சரியான வேலை சேர்" என்றேன். (அட்டை உள்ளே துடித்தது.)

எல்லாம் நன்றாகத்தான் போனது, பிலோமினா சாப்பாட்டைக் கொண்டுவந்து வைக்கும் வரைக்கும். நண்டுக் கறி! நீட்டுக் கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றாமல் நண்டுக் கறி சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு காலை உடைத்தேன். குழம்பு விரலால் இறங்கி, உள்ளங்கையைத் தாண்டி, சட்டைக் கையின் வாயை நோக்கி நடந்தது.

"கைய மடிச்சு விட்டுட்டுச் சாப்பிடுங்க சூசை" என்றார் அதிபர். "நாங்க என்ன அந்நியமா?"

"வேணாம் சேர். எனக்குக் குளிருது."

நெற்றியில் இருந்து வேர்வை சொட்டிச் சோற்றில் விழுந்தது. மிஸ்ஸிக்குப் பொறுக்கவில்லை. அழுக்கைக் கண்டால் கை சும்மா இராத மனுஷி. "ஐயோ, வெள்ளைச் சட்டை!" என்று எட்டி என் கையைப் பிடித்து, நான் இழுப்பதற்குள் பொத்தானைக் கழற்றி, சரக்கென்று மேலே ஏற்றிவிட்டார்.

மிஸ்ஸி குனிந்து பார்த்தார். அவருடைய முகம் ஆஸ்பத்திரி முகமாக மாறியது.

"இது எப்ப இருந்து?"

நான் வாயைத் திறப்பதற்கு முன் பிலோமினா குறுக்கே விழுந்தாள். "அது... கொஞ்ச நாளா இருக்கு மிஸ்ஸி. தானா வந்தது."

"வளருதா?"

"முதல் இவ்வளவு பெரிசு இல்ல" என்றேன். வீக்கத்தை நினைத்துச் சொன்ன உண்மை அது.

"நிறம் சரியில்லையே. குடும்பத்தில வேற ஆருக்கும் இருந்ததா?"

பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட நினைத்த என் மனைவி, என் குடும்பத்தையே அந்த மேசையில் கிடத்தினாள். "ஓம் ஓம், இவரிட தகப்பனுக்கும் இருந்தது. தகப்பனுக்குத் தகப்பனுக்கும் இருந்தது. இவங்கட பரம்பரையே இப்பிடித்தான், ஒண்டும் செய்யாது!"

"பரம்பரையா?" என்றார் அதிபர்.

தட்டில் இருந்து கையை எடுத்தார். பிறகு என் மகளின் கைகளைப் பார்த்தார். சோறு பரிமாறிக்கொண்டிருந்த கைகள். டிலானி அவற்றைச் சேலை முந்தானைக்குள் மறைத்தாள். றொஷான் கதிரையில் நெளிந்தான். என் மகளின் கல்யாணம் என் முன்னங்கையில் கிடந்து சாவதை நான் கண்ணால் பார்த்தேன். நோய் பிடித்த வருத்தக்காரன் வீடா, ரௌடி வீடா? இரண்டில் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்றால் ரௌடியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

எழுந்து நின்றேன்.

"சேர், இது வருத்தம் இல்ல. இது கடலட்டை. நானே போய்க் குத்திக்கொண்டு வந்த டட்டூ."

மிஸ்ஸி நம்பவில்லை. கைப்பையில் இருந்து ஸ்பிரிட் போத்தலும் பஞ்சும் எடுத்தார். (அவர்தான் ஓய்வு பெற்றவர், கைப்பை இல்லை.) பொருக்கின் மேல் வைத்து ஒரு தேய் தேய்த்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. பொருக்குக் கழன்ற இடத்தில் மை பளிச்சென்று தெரிந்தது.

"பச்சைதான்" என்று அறிவித்தார் மிஸ்ஸி, பிள்ளை பிறந்த செய்தி சொல்கிற மாதிரி.

அதிபர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபமில்லை, ஒன்றும் விளங்காதவரின் முகம்தான் அது.

"குத்துறவன் ஒரு சிங்கம் குத்துவான், ஒரு புலி குத்துவான். இதைப் போய் ஏன்...?"

"சேர், எங்களுக்குச் சிங்கமும் சோறு போடல்ல, புலியும் சோறு போடல்ல. ரெண்டும் சண்டை பிடிச்ச காலத்தில நாங்க கரையில குந்தியிருந்து கடலைப் பார்த்ததுதான். இதுதான் போட்டது. கண் இல்லாத, கால் இல்லாத இந்த ஒண்டுதான்."

அதிபர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"அப்ப இந்த வீடு?"

"அட்டை சேர்."

"இந்தக் கதிரை?"

"அதுவும்தான். நீங்க இருக்கிறது ரெண்டாந்தர அட்டை. மிஸ்ஸி இருக்கிறது முதல் தரம்."

"டிலானி படிச்சது?"

"அதுக்குத்தான் சேர் நான் ஆக ஆழமான இடத்தில மூழ்கினது."

இதைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம் இடறியது. (நண்டுக் காரம்.) அதிபர் எடுத்த கையைத் திரும்பத் தட்டில் வைத்தார். பிறகு பிலோமினாவின் பக்கம் தட்டை நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க. அந்தப் பெரிய நண்டையும் வைங்க." போட்ட பிறகு மகனைப் பார்த்து விரலை நீட்டினார். "ஆனா நீ கையில ஒண்டையும் கீறக் கூடாது. மூழ்கினவருக்குத்தான் அந்த உரிமை."

கல்யாணம் கற்பிட்டியே வாய் பிளக்கிற மாதிரி நடந்தது. கோட்டுப் போட்டு நின்ற என்னிடம் அதிபர் வந்து, சிலாபத்துச் சொந்தக்காரர்கள் கூட்டமாக நின்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். "சம்பந்தி, கையைக் காட்டுங்க" என்றார். காட்டினேன். தேள் குத்தியவனின் கடையில் தேத்தண்ணீர் குடிக்காத மனிதர், அட்டையின் வரலாறு பற்றி அரைமணி நேரம் வகுப்பு எடுத்தார். பாதி பிழை. நான் திருத்தவில்லை. மிஸ்ஸியோ இன்றைக்கும் வந்த உடனே என் சுகத்தைக் கேட்பதில்லை. "பரம்பரை வருத்தம் எப்படி?" என்றுதான் கேட்பார். பிலோமினா உடனே குசினிக்குள் ஒளிந்துகொள்வாள்.

இப்போது எனக்கு வயது ஏறிவிட்டது. தோல் தளர்ந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. மற்றவர்கள் குத்திய கழுகெல்லாம் தொங்கிக் கோழியாகிவிட்டன, நங்கூரங்கள் தூண்டில் முள்ளாகிவிட்டன. என் அட்டைக்கு மட்டும் வருஷத்துக்கு வருஷம் அழகு கூடுகிறது. நஸீர் நானா போன மாதம் வந்தபோது என் கையைப் பிடித்துப் பெருவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இப்பதான் அண்ணன் பதத்துக்கு வருது. இன்னும் கொஞ்சம் காய விடுங்க, முதல் தரமா எடுக்கலாம்."

அதைப் பேரப்பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். சிலாபத்தில் இருந்து தொலைபேசி எடுத்தால், சாப்பிட்டீர்களா என்ற கேள்வி கிடையாது. "தாத்தா, காய்ஞ்சிட்டீங்களா?" என்கிறார்கள். இல்லையடா, இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை இன்னொரு மடிப்பு மேலே ஏற்றிவிட்டுக்கொள்கிறேன்.